வழியனுப்ப வந்தவர்கள் எங்கே நிற்பது?

நம் வீட்டில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் எட்டுப் பேர் விமான நிலையத்துக்குக் கிளம்புவோம். ஒரு கார் போதாது. மாமா வீட்டு வேனும் சேர்ந்து வரும். பயணம் போகிறவரிடம் ஒரு பெட்டியும் ஒரு தோள்பையும்தான் இருக்கும். வழியனுப்ப வருகிறவர்களிடமோ நாசி லெமாக் பொட்டலம், தண்ணீர் போத்தல், பாட்டிக்குச் சால்வை, குழந்தைக்கு மாற்று உடுப்பு என்று வீடே காலியாகி வந்ததுபோல் சுமை இருக்கும். "ஏறப்போவது ஒருத்தர்தானே?" என்று யாராவது கேட்டால் அவர் நம் குடும்பத்துக்குப் புதியவர்.

விமான நிலையம் கட்டுகிறவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஒரு முனையத்தைத் திட்டமிடும்போது, ஆண்டுக்கு எத்தனை பயணிகள் என்ற கணக்கோடு ஒரு பயணிக்கு எத்தனை பேர் கூட வருவார்கள் என்ற கணக்கையும் போடுகிறார்கள். கூடத்தின் அகலம், கழிப்பறைகள், உணவுக் கடைகள், கார் நிறுத்துமிடம் எல்லாம் அதைப் பொறுத்தவை. அலுவலக வேலையாகத் தனியே பறக்கிறவர்கள் நிறைந்த ஊரில் அந்த எண் சிறியது. படிக்கவும் பிழைக்கவும் பிள்ளைகளை அனுப்பிவைக்கிற ஊரில் அது பெரியது. நம்முடையது இரண்டாவது வகை.

ஊடகவியல் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: ஒரு நிகழ்ச்சியை எடைபோட அதில் யார் பேசினார் என்று மட்டும் பார்க்காதே, யாருக்கு ஒலிவாங்கி தரப்படவில்லை என்றும் பார். அந்தப் பழக்கம் விமான நிலையங்களிலும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எத்தனை கடைகள், எத்தனை ஓய்வறைகள், வைஃபை எவ்வளவு வேகம் என்பதெல்லாம் பயணிகளுக்கான கேள்விகள். பறக்காமல் திரும்பி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டடம் என்ன வைத்திருக்கிறது? கேஎல்ஐஏவையும், அதற்கு முன்பிருந்த சுபாங்கையும், பக்கத்து நாட்டுச் சாங்கியையும் இந்த ஒரு கேள்வியோடு பார்க்கலாம்.

சுபாங் மாடம்

சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில், "விமான நிலையத்தில் நீங்கள் கடைசியாகக் கையசைத்தது யாருக்கு?" என்று நேயர்களைக் கேட்டோம். இளையவர்கள் பலருக்குக் கேள்வியே புரியவில்லை. கையசைப்பதா? வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைச் சொல்கிறீர்களா? ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய நேயர்கள் அடுத்தடுத்து அழைத்தார்கள். அவர்கள் எல்லாரும் சொன்ன இடம் ஒன்றுதான். சுபாங்.

கோலாலம்பூருக்குச் சுங்கை பீசி விமான நிலையம் போதாமல் போனபோது கட்டப்பட்டது சுபாங். 1965 ஆகஸ்டு 30-ஆம் தேதி திறக்கப்பட்டது. சுதந்திரம் பெற்று எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த நாடு, தன் முகத்தை உலகுக்குக் காட்டக் கட்டிய கட்டடம் அது. பூட்டி எட்வர்ட்ஸ் நிறுவனத்தின் கிங்டன் லூ அதை வடிவமைத்தார். காளான்போல மேலே விரியும் தூண்களும் வளைந்த கான்கிரீட் கூரையும் கொண்ட அந்த முனையத்தின் படங்களை இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள்.

ஆனால் நேயர்கள் யாரும் தூண்களைப் பற்றிப் பேசவில்லை. கையசைக்கும் மாடத்தைப் பற்றியே பேசினார்கள். பயணி உள்ளே போனதும் குடும்பம் மேலே ஏறிவிடும். விமானங்கள் நிற்கும் தளம் கண்ணுக்கு எதிரே. படிக்கட்டில் ஏறுகிறவர் நடுப்படியில் நின்று திரும்பிப் பார்ப்பார். அந்தத் தூரத்தில் முகம் தெரியாது. அதனால் ஒரு நேயரின் தாயார், மகன் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன நாளில் சிவப்புச் சட்டைதான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். "சிவப்பா ஒண்ணு நின்னுச்சுங்க, கையத் தூக்குச்சு. அதுதான் எங்க அண்ணன்" என்றார் அந்த நேயர். இன்னொருவர், விமானம் ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போது மாடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்றார். இது வானொலிக்காரர் காதில் விழவேண்டிய செய்தி, குறித்துவைத்துக்கொண்டேன்.

அதற்கும் முந்திய தலைமுறை கப்பலுக்குக் கையசைத்தது. போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜூலா கப்பல் நங்கூரம் எடுத்தால், அது கண்ணைவிட்டு மறைய வெகுநேரம் ஆகும். கரையில் நிற்பவருக்கு அழுது, ஓய்ந்து, மறுபடி அழ நேரம் இருந்தது. விமானம் ஒரு நிமிடத்தில் மேகத்துக்குள் போய்விடும். சுபாங் மாடம் அந்த ஒரு நிமிடத்தையாவது விட்டுவைத்திருந்தது.

சிப்பாங்கில் ஒரு காடு

1998 ஜூன் 27-ஆம் தேதி கேஎல்ஐஏ அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் காமன்வெல்த் போட்டிகள் கோலாலம்பூரில் நடக்கவிருந்தன. பணிகள் தொடங்கியது 1993-இல். ஐந்தே ஆண்டுகளில் முடித்துவிட்டார்கள். சிப்பாங்கில் ஒதுக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 10,000 ஹெக்டர், அதாவது நூறு சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். அப்பகுதியில் வாழ்ந்த தெமுவான் பழங்குடி மக்களும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார்கள். பளபளக்கும் எந்தக் கூடத்துக்கும் அடியில் ஒரு பழைய முகவரி இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா. மலேசியாவின் அக்கித்தெக் ஜுருரஞ்சாங் நிறுவனம் அவரோடு சேர்ந்து பணியாற்றியது. குரோகாவா சாதாரண ஆள் இல்லை. இருபத்தாறு வயதில், 1960-இல், 'மெட்டபாலிசம்' என்ற இயக்கத்தைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவர். கட்டடமும் நகரமும் உயிருள்ள உடம்பைப்போல வளர வேண்டும், பழைய செல் போய்ப் புதிய செல் வர வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தோக்கியோவில் பெட்டி பெட்டியாக அறைகளைப் பொருத்தி 1972-இல் அவர் கட்டிய நாக்காகின் கேப்சூல் கோபுரம் உலகப் புகழ்பெற்றது. அந்தப் பெட்டிகளை அவ்வப்போது கழற்றிப் புதியவை மாட்டலாம் என்பது திட்டம். ஒரு பெட்டிகூட மாற்றப்படாமலே 2022-இல் கோபுரத்தைப் பிரித்துவிட்டார்கள். அதைப் பார்க்காமல் குரோகாவா 2007-இலேயே காலமானார்.

கேஎல்ஐஏவுக்கு அவர் தந்த கருத்து நம்மூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும்: காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு.

அடுத்த முறை முதலாம் முனையத்துக்கு ரயிலில் போனால் ஒன்று செய்து பாருங்கள். கேஎல் சென்ட்ரலில் இருந்து 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கும் விரைவு ரயில் உங்களை முதல் தளத்தில் இறக்கிவிடும். புறப்பாட்டுக் கூடம் ஐந்தாம் தளத்தில். மின்தூக்கியில் போகும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருங்கள், பரவாயில்லை. கதவு திறந்ததும் நிமிர்ந்து மேலே பாருங்கள்.

அந்தக் கூரையை நாம் அவசரத்தில் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு தூணிலிருந்தும் கூரை நான்கு பக்கமும் விரிந்து, அடுத்த தூணிலிருந்து விரியும் கூரையோடு கைகோத்துக்கொள்கிறது. இரண்டு தூண்களுக்கு நடுவில் நின்றால் மசூதி வளைவின் கீழ் நிற்பதுபோல் இருக்கும். ஒரு தூணின் அடியில் நின்றால் பனைமரத்தின் கீழ் நிற்பதுபோல் இருக்கும். இந்த வளைவுக்குக் கணிதத்தில் நீண்ட பெயர் உண்டு. குதிரைச் சேணத்தை, அல்லது டப்பாவில் அடுக்கி வரும் உருளைக்கிழங்கு வறுவலை நினைத்துக்கொள்ளுங்கள், போதும். அதன் விசித்திரம் என்னவென்றால், பார்க்க முழுக்க வளைவாக இருந்தாலும் அதை நேர்க்கோடுகளாலேயே உருவாக்கிவிடலாம். ஒரு சட்டத்தின் எதிரெதிர் ஓரங்களில் நூலைக் கட்டிச் சட்டத்தை முறுக்கினால் இந்த வளைவு வந்துவிடும். மரநிறக் கீற்றுகள் பதித்த உட்கூரையும் அந்த வளைவோடு சேர்ந்தே ஓடுகிறது. 1965-இல் சுபாங் வளைந்த கான்கிரீட்டில் பேசிய மொழியை, 33 ஆண்டுகள் கழித்துச் சிப்பாங் வேறு உச்சரிப்பில் பேசுகிறது என்று எனக்குத் தோன்றும்.

சுவர்கள் பெரும்பாலும் கண்ணாடி. பகலில் வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழும். இந்த ஐந்தாம் தளம் அழகானது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வழியனுப்ப வருகிறவர்கள் நிற்கும் தளமும் இதுதான். உலகின் பல முனையங்களில் அவர்களுக்குக் கிடைப்பது தாழ்ந்த கூரையும் குழாய் விளக்கும். இங்கே மிக உயர்ந்த கூரை அவர்கள் தலைக்கு மேலே இருக்கிறது. அதற்காகக் குரோகாவாவுக்கு ஒரு வணக்கம் போடலாம்.

சரி, உள்ளே இருக்கும் காடு எங்கே?

அது துணை முனையத்தில் இருக்கிறது. சிலுவை வடிவக் கட்டடத்தின் நடுவே, வானம் பார்த்த முற்றத்தில், மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு மழைக்காட்டின் ஒரு துண்டை வேரோடு கொண்டுவந்து நட்டார்கள். நடைபாதை உண்டு, சிறு அருவியும் உண்டு. கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போனால் குளிரூட்டி விட்டுப்போய், நம் ஊரின் ஈரக்காற்று முகத்தில் அப்பும். இலை வாசனையும் வரும். பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உலர்ந்துபோய் வரும் பயணிக்கு அதைவிட நல்ல வரவேற்பு இல்லை.

ஆனால் அந்தக் காட்டுக்குப் போகக் குடிநுழைவுச் சோதனையைத் தாண்ட வேண்டும். பிறகு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுநரில்லா ஏரோட்ரெய்னில், விமானங்கள் ஊரும் பாதைக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். அந்த ரயில் 2023 மார்ச்சில் நின்று, பேருந்துகள் ஓடி, 2025 ஜூலை 1-இல் புதிய வண்டிகளோடு திரும்பியது நமக்குத் தெரியும். ரயில் ஓடினாலும் நின்றாலும் ஒன்று மாறவில்லை. கேஎல்ஐஏவின் பெயருக்குக் காரணமான காட்டைப் பார்க்க, கையில் வெளிநாட்டுப் பயணச்சீட்டு வேண்டும். உள்நாட்டுக்குள் பறக்கிறவருக்கே அது கிடைக்காது. வேனில் வந்த பாட்டிக்கு எப்படிக் கிடைக்கும்? செம்பனைக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரிந்த பாட்டி அவர்.

குரோகாவாவின் திட்டப்படி இந்த முனையம் உயிரினம்போலத் தன் போக்கில் வளர்ந்திருக்க வேண்டும். வளர்ச்சி வேறு பக்கம் கிளம்பியது. 2006-இல் மலிவு விமானங்களுக்காக எல்சிசிடி வந்தது. 2014 மே 2-ஆம் தேதி கேஎல்ஐஏ2 வந்தது. இப்போது அதை இரண்டாம் முனையம் என்கிறோம்.

தரையில் திறந்த பெட்டி

எல்சிசிடியை யாரும் அழகு என்று சொன்னதில்லை. கொட்டகை என்றுதான் சொன்னார்கள். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு தளத்தில் நடந்து விமானம் ஏறினோம். இருந்தாலும், வாழ்க்கையில் முதல்முறையாக நம் குடும்பங்கள் பலவற்றைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவைத்தது அந்தக் கொட்டகைதான். கோயில் யாத்திரை, கல்யாணச் சேலை, சொந்த ஊர் தேடல் எல்லாம் அங்கிருந்து கிளம்பின.

அதன் இடத்தைப் பிடித்த இரண்டாம் முனையம், ஆண்டுக்கு 4 கோடியே 50 லட்சம் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. அதன் சிறப்பு, ஏறக்குறைய 300 மீட்டர் நீளமான வான்பாலம். அதன் அடியில் விமானம் ஊர்ந்து போகும். சன்னலோரம் நின்று கீழே பார்த்தால் விமானத்தின் முதுகு தெரியும். குழந்தைகள் நகரவே மாட்டார்கள். அதுவும் குடிநுழைவுக்கு அப்பால்தான். வெளியே நிற்பவர்களுக்குத் தரப்பட்டது, முனையத்தோடு ஒட்டிய பேரங்காடி. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. 2எம் தளத்தில் உள்ள உணவு நிலையத்தில் விமான நிலைய ஊழியர்களையும் பார்க்கலாம். ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் விலை கொஞ்சம் நியாயமாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

ஆனால் அங்கே எனக்குப் பிடித்த காட்சி எந்த வரைபடத்திலும் இல்லாதது. திருச்சி விமானத்துக்கான முகப்புக்குச் சற்றுத் தள்ளிப் பாருங்கள். தரையில் நான்கு பெட்டிகள் வாய் பிளந்து கிடக்கும். எடை இரண்டு கிலோ கூடிவிட்டது. மைலோ பொட்டலம் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு, கோடாலித் தைலம் கைப்பைக்கு, பிஸ்கட் டின் வழியனுப்ப வந்த சித்தப்பா கைக்கு. "அதை எடுக்காதே, பெரியம்மா கேட்டது" என்று ஒரு குரல். வயதானவர்கள் மண்டியிட்டுக்கொண்டு ஜிப்பை இழுப்பார்கள். தினமும் நடக்கிறது, உலகத்தில் எல்லா விமான நிலையத்திலும் நடக்கிறது. மசாஜ் நாற்காலிக்கு இடம் ஒதுக்கும் வடிவமைப்பாளர்கள், இடுப்பு உயரத்தில் ஒரு நீள மேசையும் பக்கத்தில் ஓர் எடைக்கருவியும் வைக்க ஏன் நினைப்பதில்லை? அந்த மேசையைச் சுற்றித்தான் ஒரு குடும்பம் கடைசியாக ஒன்றாக நிற்கிறது.

என் தம்பி பெர்த்துக்கு வேலைக்குப் போன இரவு, எங்கள் வீட்டிலும் இந்த எடைச் சடங்கு நடந்தது. ஊறுகாய் போத்தலை எடுக்கச் சொல்லி அவனும், வைக்கச் சொல்லி அம்மாவும். கடைசியில் ஊறுகாய் போனது. அவன் வாயிலைத் தாண்டியதும் அப்பா, "சரி, கிளம்புவோம், கார் நிறுத்தக் காசு ஏறுது" என்றார். அம்மா நகரவில்லை. அவன் போன திசையில் தெரிந்தது ஒரு தடுப்பும் யார் யாருடையவோ முதுகுகளும்தான். விமானம் கிளம்பும்வரை இருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். எந்த விமானம், எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. நான் கைப்பேசியில் விமானத் தடம் காட்டும் செயலியை இறக்கிக் கொடுத்தேன். வரைபடத்தில் ஒரு மஞ்சள் விமானம் நத்தைபோல நகர்ந்து, திரும்பி, பிறகு விருட்டென்று கிளம்பியது. அம்மா திரையைப் பார்த்துக் கையசைத்தார். தன்னை அறியாமல்தான். ஆறு வருடமாகிறது, இன்றும் அவன் ஊருக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த மஞ்சள் விமானம் கடலைத் தாண்டும்வரை தூங்கமாட்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் நம்மவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். விருதுகளை ஒப்பிடப் போவதில்லை. கண்ணாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சாங்கியின் நான்காம் முனையம் 2017 அக்டோபர் 31-இல் திறக்கப்பட்டது. நம் எல்சிசிடிக்கு ஈடான அவர்களுடைய மலிவுக் கட்டண முனையம் இருந்த அதே மனையில் எழுந்தது. பயணப்பெட்டியை ஒப்படைப்பதில் தொடங்கி விமானம் ஏறுவதுவரை முகத்தை அடையாளம் காணும் கருவிகளே வேலையைப் பார்க்கும் முனையம் என்று அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு. நடுவில் ஒரு நீள்கூடம் வைத்து, கண்ணாடித் தடுப்புகளால் புறப்பாட்டுக் கூடத்தையும் உள்ளே உள்ள பகுதியையும் ஒன்றுக்கொன்று தெரியும்படி செய்திருக்கிறார்கள். சோதனை முடித்து உள்ளே போனவர் திரும்பிப் பார்த்தால் வெளியே நிற்கும் குடும்பம் தெரியும். சட்டம் பிரிக்கிறது, கண்ணாடி காட்டுகிறது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. சுவரை எதில் கட்டுவது என்ற முடிவு, அவ்வளவுதான்.

ஜூவல் இன்னும் துணிச்சலான முடிவு. 2019 ஏப்ரலில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்தக் கண்ணாடிக் குமிழ், முதலாம் முனையத்தின் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. வடிவமைத்தவர் மோஷே சஃப்டி. கூரையின் நடுவில் இருந்து 40 மீட்டர் கீழே விழும் அருவி, சுற்றிலும் படிப்படியாக ஏறும் சோலை. வணிக வளாகம்தானே என்று முகம் சுளிக்கலாம். ஆமாம், கடை கடையாக இருக்கிறது. ஆனால் காட்டையும் அருவியையும் குடிநுழைவுக்கு இந்தப் பக்கம் வைத்தார்கள். ஜோகூரில் இருந்து போகும் குடும்பமும், தேர்வுக்குப் படிக்கும் மாணவியும், யாரையும் அனுப்பவோ அழைக்கவோ வேலையில்லாத தாத்தாவும் காசு கொடுக்காமல் அந்த அருவியைப் பார்க்கலாம். இரண்டாம், மூன்றாம் முனையங்களை இணைக்கும் ரயில் அந்தக் குமிழுக்குள் நுழைந்து அருவியை ஒட்டியே போகிறது. உள்ளே போய்விட்ட பயணியும் அந்த ரயிலிலிருந்து அதே தண்ணீரைப் பார்க்கிறார்.

கேஎல்ஐஏவின் காடு 1998-இலேயே வந்துவிட்டது. எண்ணத்தில் நாம் 21 ஆண்டுகள் முந்தி. இடத்தில்தான் வேறுபாடு.

காதுக்கு ஒரு வார்த்தை

வானொலிக்காரர் எழுதும் கட்டுரையில் சத்தத்தைப் பற்றி ஒன்றும் இல்லாமல் போனால் சக அறிவிப்பாளர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பெரிய கூடங்களில் அறிவிப்பு ஏன் புரிவதில்லை தெரியுமா? ஒலிபெருக்கி மட்டும் காரணமில்லை. எங்கள் ஒலிப்பதிவு அறையில் நான் ஒரு சொல்லைச் சொல்லி நிறுத்தினால், அது அரை விநாடிக்குள் செத்துவிடும். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கூடத்தில் அதே சொல் சில விநாடிகள் அலைந்துகொண்டிருக்கும். அது ஓயும் முன் அடுத்த சொல் வந்து அதன்மேல் ஏறும். உயிரெழுத்துகள் கேட்கும், மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். முதலாம் முனையத்தில் துணை முனைய வாயில்களுக்கு 'சி', பிரதான முனையத்தை ஒட்டிய சில வாயில்களுக்கு 'ஜி', உள்நாட்டுப் பயணத்தில் 'பி'. மூன்றும் ஒரே 'ஈ' ஓசையில் முடிகின்றன. விமானிகள் இதற்காகத்தான் 'சார்லி', 'கோல்ஃப்', 'பிராவோ' என்று பிரித்துச் சொல்கிறார்கள். காது மந்தமான பெரியவரை அனுப்பும்போது வாயில் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லாதீர்கள். தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

சாங்கி பல இடங்களில் கம்பளம் விரித்திருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை என்று என் காது சொல்கிறது. ஆனால் நல்ல சத்தம் ஒன்றையும் அவர்கள் இழந்தார்கள். இரண்டாம் முனையத்தில் ஊர்ப் பெயர்களும் நேரங்களும் படபடவென்று புரளும் பழைய தகவல் பலகை இருந்தது. 2020 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் படபடப்பு கேட்டாலே கூடத்தில் எல்லாரும் தலை நிமிர்வார்கள். அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நிகழ்ச்சியில் ஒருநாள் ஒலிபரப்புவேன்.

திண்ணை

நம் முதலாம் முனையத்தில் வழியனுப்ப வந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. ஐந்தாம் தளத்திலேயே 'அஞ்சோங் தின்ஜாவ்' என்ற பார்வை மாடம் இருக்கிறது. பயணச்சீட்டு கேட்கமாட்டார்கள். 'தின்ஜாவ்' என்றால் பார்ப்பது. 'அஞ்சோங்' என்பது பழைய மலாய் வீட்டின் முகப்பில், வருகிறவர் உட்காரும் கூரையிட்ட இடம். நம் வழக்கில் திண்ணை. பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மனசுக்காரர். குறை என்னவென்றால் அது இருப்பது வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. பெரிய எழுத்தில், புறப்பாட்டு வாயிலின் பக்கத்திலேயே, 'இங்கிருந்து விமானம் தெரியும்' என்று ஓர் அறிவிப்பு வைத்தால் போதும். கண்ணாடிக்கு முன்னால் இன்னும் சில நாற்காலிகள், முதுகு சாயும்படி.

வருகைக் கூடம் மூன்றாம் தளத்தில். அங்கே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் இதே கோரிக்கைதான். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, அது நம்மவர் இல்லை என்று தெரிந்து மறுபடி பின்வாங்கி, ஒரு மணி நேரம் காலை மாற்றி மாற்றி நிற்கிற பாட்டிமார்களைப் பார்த்திருப்பீர்கள். சாங்கியில் பெட்டி எடுக்கும் இடத்தையும் வரவேற்புக் கூடத்தையும் பிரிப்பது கண்ணாடி. சுழலும் பட்டை அருகே நிற்கும் பேரனை வெளியிலிருந்தே பார்த்துவிடலாம். பெட்டி வர அரை மணி நேரமானாலும் அந்த அரை மணி நேரம் காத்திருப்பாகவே தோன்றாது.

சுபாங்கில் 2024 ஆகஸ்டு முதல் மறுபடியும் ஜெட் விமானங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. பழைய மாடம் இல்லை. அந்த நிகழ்ச்சியின் கடைசி அழைப்பு, லாரி ஓட்டும் ஒரு நேயரிடமிருந்து வந்தது. சிப்பாங் பக்கம் மாலையில் போனால் ஓடுபாதை வேலியோரம், சாலையை ஒட்டிக் கார்கள் வரிசையாக நிற்கும் என்றார். குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்களாம். சிலர் விமானம் பார்க்க வந்தவர்கள். சிலர் இப்போதுதான் மகளையோ மகனையோ இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரங்கட்டியவர்கள். "எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன். "விமானம் மேல ஏறுறப்ப அவங்கதான் எழுந்து நிப்பாங்க" என்றார்.